பட்டியலில் இல்லாத பெயர்



இந்த இதழின் பாடம் வரலாற்றைப் பற்றியது. குறிப்பாகச் சொன்னால், கணினியிலும் கைப்பேசியிலும் இன்று நாம் வரலாற்றைத் தேடுகிற முறையைப் பற்றியது. சமய வகுப்பில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். முன்னோரை நினைப்பது நம் சமயம் நமக்கு வைத்திருக்கும் கடமைகளில் ஒன்று. தர்ப்பணம் செய்யும்போது தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்கிறோம். பெயர் தெரியாவிட்டால் என்ன சொல்வது? எங்கள் வகுப்பில் இந்தக் கேள்வி உண்மையாகவே வந்தது. அதிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு ஞாயிறு வகுப்பில், பழைய பத்திரிகைகளை இணையத்தில் படிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகவே பேசிவிட்டேன். "முந்தியெல்லாம் ஒரு ஆளு சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் போய் மாசக்கணக்கா உக்காந்து தேடினதை, நீங்க படுத்துக்கிட்டே தேடலாம்" என்றேன். வகுப்பு முடிந்ததும் படிவம் ஐந்து படிக்கும் ஒரு தங்கை வந்து நின்றாள்.

"அண்ணா, எங்க பாட்டியோட அப்பாவ ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டு போயிட்டான். திரும்பி வரவே இல்ல. எந்தத் தேதி, எந்த இடம்னு யாருக்கும் தெரியாது. அதனால பாட்டி வருஷா வருஷம் மகாளய அமாவாசைக்குத்தான் படைப்பாங்க. எல்லாம் இண்டர்நெட்ல இருக்குன்னு சொன்னீங்கல்ல, அவர் பேரத் தேடிக் கொடுங்க."

இறந்த திதி தெரியாதவர்களுக்குப் புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசையில் பிதுர் காரியம் செய்யலாம் என்பது நம் வழக்கம். அந்தப் பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. புரட்டாசிக்கு இரண்டு மாதம் இருந்தது. "சரி, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சேர்ந்து தேடியது.

முதலில் நடந்தது என்ன?

1942இல் ஜப்பானியப் படை மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தது. பர்மாவில் இருந்த தன் படைக்குத் தரைவழியாக உணவும் ஆயுதமும் அனுப்ப, தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை காட்டையும் மலையையும் வெட்டி ஒரு ரயில்பாதை போட்டது. நீளம் 415 கிலோமீட்டர். வேலை 1942இல் தொடங்கி, 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் இணைந்தன. ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க் கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் என்று பலர் இருந்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

போரில் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனதால் தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். அதை நம்பிச் சிலர் போனார்கள். ஆள் போதாதபோது பிடித்து லாரியில் ஏற்றினார்கள். பசியும் மலேரியாவும் காலராவும் அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தன.

இதை நம் எழுத்தாளர்கள் மறக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரண்டு மலேசியத் தமிழ் நாவல்களும் இதைப் பற்றியவைதான். அந்தக் காலத்தை உணர்ந்துகொள்ள இவற்றைப் படியுங்கள். ஆனால் நாங்கள் தேடியது ஒரு மனிதரின் பெயரை. நாவலில் அது கிடைக்காது.

என்ன மாறியிருக்கிறது?

நான் பள்ளியில் படித்தபோது வரலாறு என்றால் பாடநூலும் ஆசிரியர் தரும் குறிப்பும்தான். மனப்பாடம் பண்ணுவோம், தேர்வில் கொட்டுவோம், மறந்துவிடுவோம். எஸ்.பி.எம். தேர்வில் 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம் என்று ஆனபிறகும் பலருக்கு அது மனப்பாடப் பாடமாகவே இருக்கிறது. மூல ஆவணத்தைத் தொட்டுப் பார்ப்பது ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தோம்.

இன்று அந்த வேலி இல்லை. எங்கள் வகுப்பு பயன்படுத்திய வாசல்கள் இவை.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளத்தில் 1845இல் தொடங்கிய 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' முதல் பல நாளிதழ்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு'ம் அங்கே உண்டு. பெரும்பகுதியை வீட்டிலிருந்தே படிக்கலாம். சில இதழ்களை நூலகத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் அந்நாட்டின் பழைய பத்திரிகைகளை இலவசமாகப் படிக்கலாம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறு சேகரித்து வருகிறது. பெரியவர்களின் பேட்டிகளை, தமிழில் பேசியவை உட்பட, இணையத்தில் குரலாகவே கேட்கலாம். கோலாலம்பூரில் உள்ள நம் ஆர்க்கிப் நெகாராவில் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் கோப்புகள் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் வீரர்களின் பெயர்களைத் தேடலாம்.

எல்லோரும் ஆவலோடு கடைசித் தளத்தைத்தான் முதலில் திறந்தோம். பெயரைத் தேடத்தானே வந்திருக்கிறோம்!

நாங்கள் தேடியது

தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையைத் தேர்ந்தெடுத்தோம். பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி, பலருக்கு வயது, பெற்றோர் பெயர்; கூடவே கல்லறையின் பகுதி, வரிசை, எண். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களின் வயது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு அந்தத் தங்கையின் பூட்டனார் பெயரைத் தட்டச்சு செய்தோம். காஞ்சனபுரியில் இல்லை. மற்ற இரண்டு கல்லறைகளான சுங்கையிலும் தன்பியூசயாத்திலும் இல்லை. முழுத் தளத்திலும் தேடியபோது அதே பெயர் வந்தது! ஒரு தம்பி துள்ளிக் குதித்தான். ஆனால் விவரத்தைப் படித்தால் அவர் இந்திய ராணுவத்தைச் சேர்ந்த ஒரு சிப்பாய். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் இல்லை. பெயர் ஒன்று, ஆள் வேறு.

"அதையே வெச்சுக்கலாமே அண்ணா, பாட்டி சந்தோஷப்படுவாங்க" என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அந்தச் சிப்பாய்க்கும் ஒரு வீடு இருந்திருக்கும், அவருக்காகப் படைக்கிறவர்கள் இருந்திருப்பார்கள். ஒருவருடைய மரணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. இணையத்தில் தேடுகிறவர்களுக்கு வரும் முதல் சோதனை இதுதான்: கிடைத்ததை, தேடியது என்று நினைத்துக்கொள்வது.

ஏன் இல்லை?

அந்தத் தங்கைக்குக் கோபம். "செத்தவங்க எல்லாரும் ஒரே ரயில் ரோட்டுலதான செத்தாங்க? வெள்ளைக்காரங்களுக்கு மட்டும் ஏன் பேரு இருக்கு?"

நியாயமான கேள்வி. அந்த ஆணையமே தரும் கணக்கைப் பாருங்கள். பாதை ஓரத்தில் இறந்த போர்க் கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். இறந்த பொதுமக்கள், அதாவது ஆசியத் தொழிலாளர்கள், 80,000 முதல் 1,00,000 வரை என்பது மதிப்பீடு. கைதிகளின் எண்ணிக்கையை நெருக்கமாகச் சொல்ல முடிகிறது. தொழிலாளர் கணக்கில் இருபதாயிரம் உயிர் கூடவோ குறையவோ நிற்கிறது.

காரணம் 1943இல் இருக்கிறது. போர்க் கைதிகள் ராணுவத்தினர். முகாமிலும் அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எப்போது இறந்தார், எங்கே புதைத்தோம் என்று ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். கண்டுபிடித்தால் அடி, உதை. அப்படியிருந்தும் அந்தத் தாள்களை ஒளித்துக் காப்பாற்றினார்கள். போர் முடிந்ததும் 1945 செப்டம்பர், அக்டோபரில் ஒரு குழு, முன்னாள் கைதிகளோடு, அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு பாதை முழுக்கப் போய்த் தேடியது. 144 இடங்களில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். கிடைக்காமல் போனவை 52 மட்டுமே.

நம் ஆட்களுக்கு அதிகாரி இல்லை, மருத்துவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. ஒரு தோட்டத்து ஆட்களைப் பல முகாம்களுக்குப் பிரித்தார்கள். காலரா வந்தபோது கும்பலாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். பெயரைக் கேட்டு எழுத அங்கே யாரும் இல்லை.

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். கணினி புதிதாக எந்த ஆவணத்தையும் உண்டாக்கவில்லை. எவனோ ஒருவன், உயிரைப் பணயம் வைத்து, ஒரு துண்டுத் தாளில் எழுதினான். அந்தத் தாள்தான் எண்பது வருஷம் கழித்து நம் திரையில் வருகிறது. அன்று எழுதாத பெயரை எந்தத் தேடுபொறியாலும் தர முடியாது. 'இணையத்தில் இல்லை' என்பதற்கும் 'நடக்கவில்லை' என்பதற்கும் நிறைய தூரம்.

பக்கத்தில் நின்றவர்கள் சொன்னது

பெயர் கிடைக்கவில்லை என்று நாங்கள் நிறுத்தவில்லை. அவரைப் பற்றி யாரும் எழுதாவிட்டாலும், அவரைப் போன்றவர்களைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கலாம் அல்லவா? தேடும் சொல்லை மாற்றினோம்.

போர்க் கைதிகளின் நாட்குறிப்புகளிலும் நினைவுகளிலும் பக்கத்து முகாம்களில் இருந்த தமிழர்கள் வருகிறார்கள். 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து 'எஃப் படை' என்ற பெயரில் அனுப்பப்பட்ட 7,000 கைதிகள் தாய்லாந்துக் காட்டில் பல நாள் இரவில் நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியில் தொழிலாளர் முகாம்களில் பரவியிருந்த காலரா அவர்களையும் பிடித்தது. அதே ஆண்டு 'கே படை', 'எல் படை' என்று இரண்டு மருத்துவக் குழுக்கள் கைதிகளிலிருந்தே பிரிக்கப்பட்டு, ஆசியத் தொழிலாளர்களைக் கவனிக்க அனுப்பப்பட்டன. நம் ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்று நேரில் பார்த்து, வெளியே வந்து சொன்னவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள்.

பத்திரிகைகளுக்கு வந்தோம். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர் நடத்திய ஆங்கிலப் பத்திரிகை 'சியோனான் ஷிம்பன்'. அதையும் இணையத்தில் படிக்கலாம். ஜப்பான் சொல்ல விரும்பியதை மட்டுமே அது சொன்னது. 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' 1945 செப்டம்பரில் மீண்டும் வரத் தொடங்கியபிறகுதான் சயாமில் சிக்கியவர்களைத் திரும்பக் கொண்டுவரும் செய்திகளைப் பார்க்கிறோம்.

மூன்றாவது, குரல்கள். ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றில் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்துக்கென்றே ஒரு தொகுப்பு உண்டு. ஒரு மாலை வகுப்பில் விளக்கைக் குறைத்துவிட்டு, தமிழ்ப் பேட்டி ஒன்றைக் கேட்டோம். தோட்டத்துத் தமிழில், நம் தாத்தா பேசுகிற மாதிரியே, இடையில் இருமிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி ஒரு பெரியவர் பேசினார். பாடநூலில் ஒரு பத்தியாக இருப்பது அன்று ஒரு மனிதராக வந்து உட்கார்ந்தது.

மூன்று வகைச் சாட்சிகளையும் ஒரே தராசில் போடக் கூடாது. ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். எழுதியது யார்? யாருக்காக? எப்போது? நாட்குறிப்பு அன்றே எழுதியது, ஆனால் நம் மொழி தெரியாதவர் தூரத்திலிருந்து பார்த்தது. பத்திரிகை அன்றையது, ஆனால் அதிகாரத்தின் குரல். பேட்டி நம் மொழியிலேயே நம்மவர் சொன்னது, ஆனால் நாற்பது வருஷம் கழித்துச் சொன்னது. மூன்றும் ஒத்துப்போகிற இடத்தில் கால் ஊன்றலாம்.

இடறும் இடங்கள்

தேடும்போது எங்கள் வகுப்பு இடறிய சில இடங்களைச் சொல்கிறேன். நீங்கள் இடறாமல் இருக்கலாம்.

ஒன்று, சொல். இன்று நாம் 'மரண ரயில்' என்கிறோம். அன்றைய பத்திரிகையில் 'சயாம் ரயில்வே', 'பர்மா ரயில்வே' என்று தேட வேண்டும். நம்மைக் குறிக்க 'தமிழர்' என்று மட்டும் தேடினால் பாதிதான் வரும். 'கூலி' என்றும் தேட வேண்டும். இன்னும் பழைய இதழ்களில் 'கிளிங்' என்ற சொல்லும் வரும். படிக்கும்போது வலிக்கும், ஒரு தம்பி கணினியை மூடியே விட்டான். வலித்தாலும் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் தேட வேண்டும், ஏனென்றால் அவர்கள் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அந்தச் சொல்லே ஒரு சான்று.

இரண்டு, எழுத்து. பழைய பக்கத்தைப் படம் பிடித்தபின் கணினி எழுத்துகளை அடையாளம் கண்டு தேடும்படி செய்கிறது. மங்கிய தாளில் அது தப்பும் தவறுமாகப் படிக்கும். தமிழில் இன்னும் சிக்கல். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, னை போன்றவற்றின் வடிவமே வேறு. அதனால் தேடுபொறி 'இல்லை' என்றால் உடனே நம்பாதீர்கள். தேதியைத் தெரிந்துகொண்டு, பக்கத்தைத் திறந்து, கண்ணால் படியுங்கள். மனிதர் பெயர்களும் அப்படித்தான். ஒரே ராமசாமியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள்.

மூன்று, படம். வாட்சாப்பில் வந்த ஒரு படத்தை ஒருவன் கொண்டுவந்தான். 'சயாம் ரயிலில் செத்த தமிழர்கள்' என்று கீழே எழுதியிருந்தது. படத்தை வைத்தே தேடும் வசதியில் போட்டுப் பார்த்தோம். அது 1957இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தின் காட்சி. அந்தப் பாலக் காட்சிகளைப் படம் பிடித்தது தாய்லாந்தில்கூட இல்லை, இலங்கையின் கித்துல்கலையில்! உணர்ச்சிவசப்பட்டு அனுப்பியவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஆனால் பொய்ப் படம் ஒன்று அம்பலமானால், உண்மையில் நடந்ததையும் சேர்த்து 'கதை' என்று தள்ளிவிடுவார்கள். எண்ணிக்கையும் அதுபோலத்தான். மொத்த ஆசியத் தொழிலாளர் கணக்கை எடுத்து 'எல்லாம் தமிழர்' என்று போடுவது, கூடவே செத்த ஜாவாக்காரனையும் பர்மாக்காரனையும் மறுபடி பெயரில்லாமல் ஆக்குவது. நமக்கு நடந்த அநியாயத்தை நாம் இன்னொருவருக்குச் செய்யலாமா?

பாட்டியின் பெட்டி

புரட்டாசி நெருங்கியது. கையில் எவ்வளவோ செய்தி இருந்தது, பாட்டியின் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்போதுதான் உறைத்தது: ஆஸ்திரேலியாவின் நூலகம்வரை போன நாங்கள் பாட்டியைக் கேட்கவே இல்லை.

நாங்கள் மூன்று பேர் அந்தத் தங்கையின் வீட்டுக்குப் போனோம். அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்தோம். பாட்டி முதலில், "எனக்கு என்னய்யா தெரியும், அப்ப நான் அஞ்சு வயசுப் புள்ள" என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார்.

அவர் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்று. லயத்து முன்னால் நின்ற லாரி. அப்பா அதில் ஏறுவதற்கு முன் தோளில் இருந்த துண்டை எடுத்து இவர் தலையில் போட்டது. மற்றதெல்லாம் அவருடைய அம்மா சொல்லக் கேட்டது. தைப்பூசத்துக்குள்ள வந்துருவேன் என்றாராம். போர் முடிந்து ஆட்கள் திரும்பியபோது, அம்மா ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாராம். ஒருவர் 'பார்த்தேன்' என்றார், ஒருவர் 'பார்க்கலை' என்றார். செத்தார் என்று யாரும் சொல்லாததால் அம்மா தாலியைக் கழற்றவில்லை. கடைசிவரை கழற்றவில்லை. தாலியோடுதான் எரித்தார்கள்.

நாங்கள் பதிவில் 'பாட்டி பார்த்தது', 'பாட்டி கேட்டது' என்று இரண்டாகப் பிரித்துக் குறித்தோம். ஆவணத்துக்குச் செய்கிற அதே மரியாதையை நினைவுக்கும் செய்ய வேண்டும்.

எழுந்திருக்கும்போது அந்தத் தங்கை கேட்டாள்: "பாட்டி, தாத்தா பேரு உங்க ஐ.சி.ல இருக்கறதுதான?"

பாட்டி ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே அவருடைய பழைய பிறப்புச் சூராட். அதில் இருந்த தந்தையின் பெயரும் அடையாள அட்டையில் இருந்த பெயரும் ஒன்றாக இல்லை. ஒன்று 'சாமி' என்று முடிந்தது, மற்றது 'அப்பன்' என்று முடிந்தது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். இத்தனை நாளும் நாங்கள் தேடியது அட்டையில் இருந்த பெயரை. "அம்மா புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்க. ஆனா எங்க அத்தை அண்ணன் பேரச் சொல்லித்தான் அழுவாங்க" என்று சொல்லி, பாட்டி பெயரைச் சரியாக உச்சரித்தார். சூராட்டில் இருந்ததுதான் சரி. அந்தப் பெயரையும் போட்டுத் தேடினோம். அதுவும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்த வருஷம் மகாளய அமாவாசைப் படையலில் முதல்முறையாக அவருடைய சரியான பெயரைச் சொன்னார்கள். தேதியும் இடமும் கிடைக்கவில்லை. பெயர் கிடைத்தது. அதை நான் இங்கே எழுதவில்லை. வெளியிட வேண்டாம் என்பது குடும்பத்தின் விருப்பம். அதுவும் இந்தப் பாடத்தில் சேர்த்தி. ஒருவர் நம்பிக் கொடுத்த நினைவை அவர் அனுமதி இல்லாமல் இணையத்தில் போடக் கூடாது.

இனி நம் வேலை

தம்பி தங்கைகளே, மின்னிலக்க வளங்கள் நம் கையில் பெரிய சக்தியைக் கொடுத்திருக்கின்றன. ஆசிரியர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நாம், ஆசிரியரோடு சேர்ந்து மூலத்தைப் படிக்கிறோம். ஆனால் அந்தக் களஞ்சியங்களில் பெரும்பகுதி அதிகாரத்தில் இருந்தவர்கள் எழுதியது. நம் பக்கம் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப வேண்டிய தாள்கள் லண்டனில் இல்லை. தகரப் பெட்டியிலும் சாமி மேடைக்குக் கீழேயும் கோயில் அலுவலக அலமாரியிலும் இருக்கின்றன. கரையான் அரிக்கிறது. பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மாதம் மூன்று வேலை செய்யுங்கள்.

முதலாவது, வீட்டில் மிக மூத்தவரை உட்கார வைத்து, அனுமதி கேட்டு, அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். தேதி, இடம், பேசியவர், கேட்டவர் பெயரைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். பதிவை இரண்டு இடத்தில் சேமியுங்கள். கைப்பேசி தொலைந்தால் எல்லாம் போச்சு.

இரண்டாவது, பழைய சூராட், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கப்பல் பயணத் தாள், திருமணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் எது இருந்தாலும் நல்ல வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் படம் எடுங்கள். படத்துக்குப் பெயர் வையுங்கள். மூலத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்றாவது, உங்கள் மூன்று தலைமுறைப் பெயர்களைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்களோ அத்தனையும் பக்கத்தில் குறியுங்கள். தாய்வழியையும் சேர்த்து எழுதுங்கள். பாட்டிகளின் பெயர்கள்தான் முதலில் மறைகின்றன.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு கெட்டி அட்டை நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்தப் பாட்டியின் அப்பா பெயரை, குடும்பத்தின் சம்மதத்தோடு, அந்தத் தங்கை தன் கையால் எழுதியிருக்கிறாள். அதற்கடுத்து இதுவரை பத்தொன்பது குடும்பங்கள் எழுதியிருக்கின்றன.

கலந்துரையாடுங்கள்

1. போர்க் கைதிகளின் பெயர்கள் கிடைத்ததற்கும் தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் கிடைக்காததற்கும் காரணம் என்ன?

2. அதே பெயருள்ள சிப்பாயைப் பூட்டனாராக ஏற்றுக்கொண்டிருந்தால் என்ன தவறு? 'பாட்டி சந்தோஷப்படுவாங்க' என்ற வாதத்துக்கு உங்கள் பதில் என்ன?

3. நாட்குறிப்பு, பத்திரிகை, வாய்மொழிப் பேட்டி ஆகிய மூன்றின் பலம் என்ன, பலவீனம் என்ன?

4. உங்களுக்கு அண்மையில் வாட்சாப்பில் வந்த ஒரு வரலாற்றுச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியது யார், யாருக்காக, எப்போது என்று தேடிப் பார்த்து அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.

5. உங்கள் பூட்டன், பூட்டி பெயர்கள் தெரியுமா? தெரியாவிட்டால், இன்று இரவு யாரைக் கேட்பீர்கள்?